தர்ஷினிக்காகப் பேசப் போன கதை

மதுரைக்கு விமானம் ஒரு மணி நேரம்கூடப் பறப்பதில்லை. இலங்கை மலைநாட்டில் எங்கள் ஹட்டனில் இருந்து மலையிறங்கி விமான நிலையத்துக்கு வந்து சேர்வதற்குத்தான் ஒரு பகல் போனது. பக்கத்தில் இருந்தவர் எனக்கு பெல்ட் மாட்டிவிட்டார். கொடுத்த பிஸ்கட்டை இப்போதே தின்பதா, பைக்குள் வைப்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கீழே கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும் தெரிந்தன. முதல் முறையாக வெளிநாட்டுக்கு வந்திருந்தேன்.

எனக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் கிடையாது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு கடையில் தையல் வேலை. நாலு பேர் சேர்ந்தாற்போல் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுகிற ஆள் நான். வந்தது அக்கா மகள் தர்ஷினிக்காக.

தர்ஷினி மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படித்தாள். அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து அவளைப் படிக்க வைத்தாள். படித்து முடிக்கும்போதுதான் தெரிந்தது, அந்தக் கல்லூரிப் பட்டத்தை எங்கள் நாட்டில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று. ஊருக்குத் திரும்பினால் அவள் ஏதாவது கடையில் பில் போடலாம். வலிக்கிறது என்று வருகிறவரின் முழங்காலைத் தொட முடியாது. இந்தியாவில் இருந்தால் தொடலாம்.

இருப்பதுதான் கஷ்டம். சில நாடுகளில் படித்து முடித்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, வேலை தேடிக்கொள்ளச் சொல்லி ஒன்றிரண்டு வருடம் விசா கொடுப்பார்களாம். லண்டனுக்குப் போன எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பையன் அப்படித்தான் தங்கினான். இங்கே அது கிடையாது. படிப்பு முடிந்தால் கிளம்ப வேண்டும், அல்லது பெரிய சம்பளத்தில் வேலை தருவதாக ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்து வேலை விசாவுக்கு மாற வேண்டும். சின்னச் சம்பளத்துக்கு அந்த விசா இல்லை. தர்ஷினிக்கு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அப்படி எழுதிக் கொடுத்திருந்தது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. "சித்தி, அன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்தாப் போதும், பேசக்கூட வேணாம்" என்று போனில் அழுதாள். பேச வேண்டாம் என்றதால் வந்தேன்.

விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. தர்ஷினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மெலிந்திருந்தாள். பேச்சில் மதுரை ஏறியிருந்தது. "வாங்க சித்தி, வெயில் இம்புட்டு இருக்கேன்னு பயப்படாதீங்க, இது மாசி மாசந்தான்" என்றாள்.

தர்ஷினி தங்கியிருந்த உசிலம்பட்டிக்குப் போகிற பஸ் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டியதும் பஞ்சராகி நின்றது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் குளிரும், மூடுபனியும், மௌனமும்தான். இங்கே எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்று, ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போலப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கோழிக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா என்னைக் கேட்டார்.

"எந்த ஊரு தாயி?"

"இலங்கை."

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா? அகதி கேம்ப்புலயா இருக்கீக?"

"இல்ல, சும்மா வந்தேன்" என்றேன்.

"சும்மா யாரு வருவா?" என்று சிரித்தவர், கூடையில் இருந்த கொய்யாப்பழத்தை என் கையில் திணித்தார். எங்கள் மலையில் யாரும் இப்படி முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள், இப்படித் தரவும் மாட்டார்கள். அடுத்த பஸ் வந்து எல்லோரும் முண்டியடித்து ஏறியபோது அந்த அம்மாவே என் பையை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்தார்.

உசிலம்பட்டி முழுக்க பேனர். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, செத்தவர்களின் முதலாண்டு நினைவுக்கு. ஆள் உயரத்துக்கு மேல் முகங்கள். சந்தைக்குப் போகும் ரோட்டு முக்கில் ஒரு பேனரைப் பார்த்து நின்றுவிட்டேன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நம் தர்ஷினி! 'இலங்கை புகழ் மூட்டுவலி நிபுணர் டாக்டர் தர்ஷினி. தினமும் மாலை.' அவள் படத்தைவிடப் பெரிதாக, கை கூப்பியபடி ஒருவர்.

"இதுதான் பெருமாள்சாமி மாமா" என்றாள் தர்ஷினி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "எடுத்துருங்கன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நின்று போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

பெருமாள்சாமி அண்ணன் எங்களுக்குத் தூரத்து உறவு. எங்கள் பூட்டன் இந்தப் பக்கத்தில் இருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். குலசாமி பெயரைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு தர்ஷினிதான் இவரைக் கண்டுபிடித்தாள். எனக்கு அண்ணன் முறை, அவளுக்கு மாமா. மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் அவருடைய மூத்த மருமகள் சின்னதாக ஆஸ்பத்திரி நடத்துகிறார். படிப்பு முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னதும், "நம்ம வீடு இருக்கையில பிள்ள எதுக்கு வாடகைக்கு இருக்கணும்?" என்று மாடியறையைக் கொடுத்தவர் இவர்தான். மாலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் கை கால்களைத் தர்ஷினி பார்ப்பாள். இவரும் வாடகை கேட்டதில்லை, அவளும் எதுவும் வாங்கியதில்லை.

அன்று மாலை அதைப் பார்த்தேன். மாட்டு வண்டியில் இருந்து விழுந்து தோளைத் தூக்க முடியாமல் வந்த ஒருவரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, விரலால் சுவரில் நடந்து ஏறச் சொன்னாள். "எறும்பு மாதிரி ஏறுங்கய்யா. போதும். இப்ப இறங்குங்க." அவர் பல்லைக் கடித்தபடி, "ஒங்க ஊரு எறும்பு ரொம்பக் கடிக்குது ஆத்தா" என்றார். காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இரவில் அண்ணனின் மனைவி, என் மதினி, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, குடல் குழம்பை அதன் மேல் ஊற்றி, போதும் என்று நான் கையை நீட்டினால் கையின் மேலேயே ஊற்றுவேன் என்று மிரட்டினார். தேங்காய்ப்பால் சேராத குழம்பு, உறைப்பு தொண்டையில் நின்றது. ஆனால் தேத்தண்ணீர்தான் எனக்குப் பிடிபடவில்லை. பாலைக் கொதிக்க வைத்து, சீனியைக் கொட்டி, அதற்குள் தேயிலை எங்கேயோ இருந்தது.

மாடியறையில் படுக்கும்போது கேட்டேன். "இம்புட்டுப் பேரு வாராங்களே, நல்லதுதானே?"

"நல்லதுதான் சித்தி. ஆனா படிக்கிற விசாவுல வேல பாக்கக் கூடாது. இது வேலயில்ல, வீட்டாளுங்களுக்குச் செய்றதுன்னு நெனச்சுக்கறேன். சாப்பாடு போடுறாங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

மறுநாள் மதுரைக்கு, வேலை தருகிற ஆஸ்பத்திரிக்குப் போனோம். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா சக்கர நாற்காலியில் இருந்தார். இடுப்பு ஆப்பரேஷனுக்கு வந்தவராம். நர்ஸ் தமிழில் சொல்வது புரியாமல், "மகனைக் கூப்பிடுங்கள், இவர்கள் என்னை எங்கே கொண்டுபோகிறார்கள்?" என்று சிங்களத்தில் அழுதுகொண்டிருந்தார். தர்ஷினி குனிந்து அவர் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க அம்மா, எக்ஸ்ரே படம் எடுக்கத்தான். நானும் நம்ம ஊர்தான்" என்று சிங்களத்திலேயே சொன்னாள். அந்த அம்மா அவள் மணிக்கட்டை விடவே இல்லை.

இலங்கையில் இருந்தும் மாலத்தீவில் இருந்தும் அங்கே ஆட்கள் வருகிறார்கள். இவளுக்கு அவ்வளவு பெரிய சம்பளம் எழுதியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கிருந்த மேனேஜர், "எங்க பக்கம் எல்லாம் ரெடிம்மா. நாளைக்கு விசாரணை நல்லபடியா முடிஞ்சா, அடுத்த மாசம் ட்யூட்டி" என்றார். கீழே வந்து ஆளுக்கு ஒரு கறிதோசை சாப்பிட்டோம். தர்ஷினி முழுசாகச் சாப்பிட்டாள். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்த வேளை அதுதான்.

விசாரணைக்குப் பெருமாள்சாமி அண்ணன் வரத் தேவையில்லை. தர்ஷினி காலையில் சாப்பிடும்போதே சொல்லிப் பார்த்தாள்.

"மாமா, சித்தி இருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துர்றோம். ஒங்களுக்குக் கடை இருக்குல்ல."

"என்னாத்தா பேசுற நீ? பொம்பளப் பிள்ளைகள ஆபீசுக்குத் தனியா அனுப்பிட்டு நான் கடையில தவிட்ட அளந்துக்கிட்டு இருக்கவா? ஊர்ல கேக்க மாட்டாங்க? ஒனக்கு ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்."

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பெரிய போன். கூட நாலு பேரைக் கூட்டி வராததே பெரிய விஷயம் என்று மதினி சொன்னார். இந்தப் பக்கத்தில் ஆபீஸ், போலீஸ் என்று எங்கே போனாலும் ஒரு பெரிய மனிதர் கூடப் போய் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் வருவது போலத்தான். எனக்கும் அது தெம்பாகவே இருந்தது.

மதுரை ஆபீசில் விசாரித்த அதிகாரி ஒரு பெண். என் வயது இருக்கும். கடுமையான ஆள் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தர்ஷினியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவள் சரியாகப் பதில் சொன்னாள். என்னைப் பார்த்து, "சித்தியா?" என்றார். தலையாட்டினேன். முடிகிற நேரத்தில், "சார் யாரு?" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றே பேசினார்.

"நான் இந்தப் பிள்ளைக்கு மாமா முறைம்மா. உசிலம்பட்டியில கேட்டுப் பாருங்க. தங்கமான பிள்ள. படிப்பு முடிச்சதுல இருந்து எங்க ஆஸ்பத்திரியில எலும்பு, மூட்டு எல்லாம் இதுதாம்மா பாக்குது."

தர்ஷினி, "மாமா" என்றாள்.

"இரு ஆத்தா, நீ சொல்ல மாட்ட, நான்தான் சொல்லணும்."

அதிகாரி பேனாவைக் கையில் எடுத்தார். ஆனால் எழுதவில்லை. "பாக்குதுன்னா, சும்மா வந்து பழகிட்டுப் போறாங்களா?" என்று கேட்டார். இப்போது நினைத்தால், எங்களுக்கு அவர் ஒரு வழி திறந்து வைத்தது போல இருக்கிறது.

"பழகுறதா! ஒரு நாள் லீவு போட்டதில்லம்மா. கொட்டாம்பட்டியில இருந்தெல்லாம் ஆள் வருது. பத்துப் பைசா வாங்குனதில்ல. இந்தக் காலத்துல யாரு செய்வா சொல்லுங்க." போனை எடுத்து பேனர் படத்தைக் காட்டினார். "இந்தா பாருங்க, ரோட்டு முக்குல வச்சிருக்கோம்."

அந்த அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சார், நீங்க சொல்றத நான் எழுதிக்கவா?" என்றார்.

"எழுதுங்கம்மா! தாராளமா எழுதுங்க!"

எழுதினார். அண்ணன் கையெழுத்தும் போட்டார், பேரை முழுசாக, இனிஷியலோடு. தர்ஷினியின் கைகள் மடியில் கிடந்தன. எனக்கு என்ன நடக்கிறது என்று பாதிதான் புரிந்தது. அவளுடைய கையைப் பார்த்துத்தான் மீதி புரிந்தது.

"சம்பளம் வாங்கல மேடம்" என்றாள் அவள்.

"வாங்குனீங்களா வாங்கலையாங்கிறது இல்லம்மா. படிக்க வந்த விசாவுல நோயாளிகளப் பாத்திருக்கீங்க. போர்டு வச்சுப் பாத்திருக்கீங்க. இத நான் பாக்கலன்னு எழுத முடியாது." குரலை உயர்த்தவே இல்லை.

வெளியே வந்தோம். அண்ணன் எங்களுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "நல்ல அம்மா, மரியாதையா பேசுச்சு. முடிஞ்சிருச்சு போ" என்றார். தர்ஷினி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவரிடம் சொன்னாள். கோபமில்லாமல், பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "சும்மா செஞ்சது எப்படிம்மா வேலையாகும்?" என்றார். செக்கானூரணி வரும்போது அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். உசிலம்பட்டியில் இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. ரோட்டு முக்குக்குப் போய், வெள்ளை வேட்டியோடு கம்பத்தில் ஏறி, பேனரின் கயிற்றைத் தானே அறுத்தார். டீக்கடையில் இருந்த ஒருவர், "என்ன மாமா, பிள்ளைக்குக் கல்யாணம் கூடிருச்சா, போர்ட எடுக்குறீக?" என்று கத்தினார். அவர் இறங்கி, பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் ஓயவில்லை. கட்சிக்காரர் ஒருவரைப் பார்த்தார். வக்கீல் ஒருவரைப் பார்த்தார். தான் சொன்னதெல்லாம் பொய் என்று எழுதித் தருவதாகச் சொன்னார். வக்கீல், "அப்ப அதுக்கு வேற கேசு வரும்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரி மேனேஜர் முதலில் போனை எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. வேலை விசா இல்லை, நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று பதில் வந்தது. மறுபடியும் வர விடுவார்களா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. வேறு ஏதாவது படிப்பில் சேர்ந்து தங்கலாமே என்று கேட்டேன். "இந்த ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு அதுவும் தர மாட்டாங்க சித்தி" என்றாள்.

ஒரு மத்தியானம் மதினி இலை போட்டு, எங்களை உட்கார வைத்து, சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் அமர்ந்தார். அண்ணன் வாசலில் நின்றார்.

"எங்க சின்ன மகன் திருப்பூர்ல நல்லாத்தான் இருக்கான்" என்றார் மதினி. "மொறப்பொண்ணுதானே. வேத்தாளா? இந்த வீட்டு மருமகள்னு ஆயிட்டா எவன் போகச் சொல்லுவான்?"

அண்ணன் வாசலில் இருந்தே, "நான் கெடுத்தத நானே சரி பண்றேன் தங்கச்சி" என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் மனதாரத்தான் சொன்னார்.

அக்காவுக்கு போன் போட்டோம். குவைத்தில் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். "சரின்னு சொல்லச் சொல்லு. நல்ல மனுசங்கதானே. திரும்பி வந்து என்ன செய்வா அவ? என்ன செய்வா?" என்று அதையே சொன்னாள். எனக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது.

தர்ஷினி மட்டும் கேட்டாள். "மாமா, கல்யாணம் பண்ணிக்கிட்டா நான் இங்க இருக்கலாம். வேல பாக்கலாமா?"

அண்ணன் அதை வக்கீலிடம் கேட்டு வைத்திருந்தார். சட்டென்று பொய் சொல்ல வரவில்லை அவருக்கு. "இருக்கலாமாம். வேல பாக்கணும்னா மறுபடி அந்த ஆபீசுலதான் கேக்கணுமாம். கெடைக்கிறது கஷ்டம்ங்கிறாரு." பிறகு அவசரமாக, "நீ எதுக்கும்மா வேலைக்குப் போகணும்? நம்ம வீட்ல என்ன கொற?" என்றார்.

"ஒரு கொறையும் இல்ல மாமா" என்றாள். இலையில் இருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து அவருக்கு எதிரில் நின்றாள். "நான் ஊருக்குப் போறேன் மாமா."

மதினி அழுதார். அண்ணன் தீவனக் கடைக்குப் போய்விட்டார். அன்று மாலையும் ஆட்கள் வந்தார்கள், பேனர் இல்லை என்றாலும். தோள் வலிக்காரரும் வந்திருந்தார். மதினியின் மருமகள் கீழே போய், டாக்டர் ஊருக்குப் போயாச்சு என்று சொல்லிவிட்டார். தர்ஷினி மாடியில், விளக்கைப் போடாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "எம்புட்டு நாளைக்குப் போயிருக்கு? திரும்பி வரும்ல?" என்று அவர் கேட்பது எங்களுக்குக் கேட்டது.

கிளம்பும் நாளில் அண்ணன் கார் பிடித்திருந்தார். விமான நிலையத்தில் எங்கள் பையைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, தர்ஷினியின் தலையில் கை வைக்கத் தூக்கியவர், வைக்காமல் இறக்கிக்கொண்டார். "போயிட்டு வாரேன் மாமா" என்றாள் அவளே. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

விமானத்தில் எங்களுக்கு முன் வரிசையில் ஒரு சிங்களக் கிழவர். முழங்காலில் பெரிய கட்டு. மதுரையில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்துகொண்டு திரும்புகிறார் போல. கால் மடங்கவில்லை, நீட்ட இடமில்லை. அவர் மனைவி காலைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், பைக்கு மேல் வைத்துப் பார்த்தார். கிழவர், "கடவுளே, மெல்ல, மெல்ல" என்று சிங்களத்தில் முனகினார்.

தர்ஷினி இருக்கை நுனிக்கு வந்துவிட்டாள். அவள் பார்வை அந்தக் காலிலேயே இருந்தது. எங்கே தாங்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. கை முன்னே போனது. பிறகு திரும்பி வந்து மடியில் விழுந்தது.

"போய்ச் செய்யேன்" என்றேன்.

"வேணாம் சித்தி."

பணிப்பெண் ஒருத்தி வந்து, நல்ல மனதோடு, குதிகாலைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினாள். கிழவர் அலறினார். விமானமே திரும்பிப் பார்த்தது. தர்ஷினி அங்கே பார்க்கவில்லை. ஜன்னல் மூடியை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.